சுவருக்கு அந்தப் பக்கம்

மணியக்காவுக்கு நிற்பதுதான் உத்தியோகம். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை காட்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் நிற்க வேண்டும். காவலுக்கு இருப்பவர்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே விதி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள், தூங்கினால் யாராவது படத்தைத் தொட்டுவிடுவார்கள் என்று எவரோ எப்போதோ முடிவு செய்திருந்தார். பதினேழு வருஷம் நின்றதில் அவளுடைய வலது முழங்கால் தனி ஆள் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தது. மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லும். மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்ளும். மூடும் நேரத்தில் மணி அடிப்பது அவள் பொறுப்பு என்பதால் எல்லோருக்கும் அவள் மணியக்கா. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

அந்தக் கீழ்த்தளத்துக்கு ஒருநாள் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். முடியை ஒரு பென்சிலால் சொருகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் இரண்டு சுருள் மின்கம்பி. இயக்குநர்தான் அழைத்திருந்தார், கடைசி அறையில் மக்கள் உள்ளே போய்த் தாங்களே பங்கெடுக்கும் மாதிரி ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறாள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. மூன்றாம் நாளே அவளுக்குக் கம்பி மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. நான்காம் நாள் அவள் வரவில்லை.

“என்ன, கம்பி மேடம் கம்பி நீட்டிட்டாங்களா?” என்றார் சூப்பர்வைசர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் ஒரு தச்சரோடு வந்தாள். அறையை ஒரு சுவரால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி என்றாள். முதலில் கண்ணாடிச் சுவர். அது நின்றதும் தச்சரை அந்தப் பக்கம் உட்கார வைத்து, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, தச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். கண்ணைப் பார்த்தா சிரிப்பு வந்துடுது.”

கண்ணாடி போயிற்று. அடுத்து மரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்த தடுப்பு வந்தது. உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஓட்டையில் கண்ணை வைத்து எட்டிப் பார்த்தார்கள். அதுவும் போயிற்று. கடைசியாகக் கனமான பலகைச் சுவர் வந்தது; அதில் ஒரே ஒரு துளை, ஒரு கை மட்டும் நுழையும் அளவுக்கு.

“முகத்தைப் பார்த்தா மனுஷங்க நடிக்க ஆரம்பிச்சிடறாங்க அக்கா. கைக்கு நடிக்கத் தெரியாது” என்றாள் கம்பி மேடம். கதவோரம் நின்றிருந்த மணியக்காவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தினமும் காலையில் இயக்குநருக்குச் சல்யூட் அடிக்கும் தன் கையை மணியக்கா ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

துளை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்க்க மணியக்காவைத்தான் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். முழங்கை எங்கே வருகிறது, தோள் வலிக்கிறதா, மணிக்கட்டு எதன்மேல் படுகிறது என்று அரைமணி நேரம் பென்சிலால் குறித்தாள். துளைக்கு உள்ளே இருபக்கமும் சின்னப் பித்தளைத் தகடுகள் பதித்தாள். மணிக்கட்டு அதன்மேல் படிந்தால் நாடித்துடிப்பு கம்பி வழியாக மேலே ஏறும். கூரையில் வரிசையாக விளக்குகள். இரண்டு பேருடைய நாடியும் நிதானப்பட நிதானப்பட விளக்குகள் மெல்ல மெல்லக் கூடும். பேசினால், பதறினால், குறைந்துவிடும். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

“இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா நான் என்ன சொல்லணும்?” என்று மணியக்கா கேட்டாள். வருகிறவர்கள் காவலாளியிடம்தானே கேட்பார்கள்.

கம்பி மேடம் தரையில் உட்கார்ந்து ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். “தனக்குள்ள கொஞ்சம் பார்க்கணும். அதே நேரத்துல பக்கத்துல ஒருத்தர் இருக்காங்கன்னும் தெரியணும். அதான். கம்பி கட்டற கதை மாதிரி இருக்குல்ல?”

“இல்ல மேடம்” என்றாள் மணியக்கா. இருந்தது.

திறப்பு நாளில் இயக்குநரும் அவர் மனைவியும் முதலில் உட்கார்ந்தார்கள். படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். விளக்கு மினுக்கியதோடு சரி. அந்த ஞாயிறு முழுக்க ஜோடி ஜோடியாக வந்து கிளுகிளுத்துவிட்டுப் போனார்கள். பிரச்சினை செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. வார நாளில் காட்சிக்கூடத்துக்கு வருகிறவர்கள் தனியாகத்தான் வருகிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்து கையை நீட்டினால் அந்தப் பக்கம் யாருமே இல்லை. துளைக்குள் விரலை அசைத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

“வேலை செய்யலையே” என்று ஒருவர் புகார் புத்தகத்தில் எழுதினார்.

அன்று பிற்பகல் கம்பி மேடமே பின்கதவு வழியாகப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பதினோரு பேர் வந்தார்கள். மூடும் நேரத்தில் அவள் வெளியே வந்தபோது பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தாள். தண்ணீர் குழாயைத் திறந்து இரண்டு கையையும் ரொம்ப நேரம் காட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் வந்ததும் மணியக்காவிடம்தான் வந்தாள். “அக்கா, ஒரு உதவி. நாளைக்கும் நாளன்னைக்கும் மட்டும் அந்தப் பக்கம் நீங்க உட்கார முடியுமா? துளையே உங்க கைக்கு அளவெடுத்ததுதான்.”

மணியக்காவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை: உட்கார.

இரண்டு நாள் என்றது இரண்டு வாரம் ஆயிற்று. வாசலில் நிற்க வேறொரு காவலரைப் போட்டார்கள். முதல் வாரம் மணியக்காவுக்கு யோகம்தான். இருட்டறை, மெத்தை வைத்த நாற்காலி, காலை நீட்டிக்கொள்ள இடம். அவ்வப்போது துளை வழியாக ஒரு கை வரும். பிடித்துக்கொள்வாள். சில கைகள் வந்த வேகத்தில் ஓடிவிடும். சில கைகள் அப்படியே தங்கிவிடும். வியர்த்த கை, சில்லென்ற கை, நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை பிதுங்கிய கை, சோப்பு வாசனை வீசும் கை, மோதிரம் கழற்றிய தடம் உள்ள கை. பலகைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். முதல்முறை கேட்டபோது அவளுக்கும் கண் கலங்கியது. “யாரு பெத்த புள்ளையோ” என்று வீட்டில் கணவரிடம் சொன்னாள்.

இரண்டாவது வாரம் செய்தித்தாளில் ஒரு குறிப்பு வந்தது. அதன்பிறகு வரிசை கட்டி நின்றார்கள். ஒரு நாளைக்கு அறுபது கை, எழுபது கை. மணியக்காவுக்குக் கைகளின் கணக்கு தப்பியது. முன்பு கால் வலித்தது. இப்போது எது வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு கையும் வரும்போது எதையோ கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது. இறக்கி வைத்தவர்கள் லேசாகிப் போனார்கள். சுமை போகுமிடம் என்று ஒன்று உண்டே, அதைப் பற்றி அறிவிப்புப் பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவள் கணவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். விடியும் முன்பே கிளம்பிவிடுவார், மத்தியானம் வந்து படுப்பார். இரண்டு பேரும் விழித்தபடி ஒன்றாக இருப்பது சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில் அவர் கடையில் நடந்ததையெல்லாம் சொல்வார். அடுப்பு மக்கர் செய்தது, முதலாளியின் மச்சான் புதிதாக வந்து அதிகாரம் செய்வது, எல்லாம். அவள் ‘ம்’ கொட்டுவாள். அந்த வாரம் ‘ம்’ கூட வரவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவர் அவள் தோளில் கையை வைத்தார்.

“கையை எடுங்க” என்றாள்.

குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் எடுத்துவிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்தார், விளக்கை அணைத்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்: உங்க கைன்னு இல்லைங்க, எந்தக் கையும் வேண்டாம்னு இருக்கு.

அடுத்த வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. காலை பதினொன்றரை மணி இருக்கும். எத்தனையாவது ஆள் என்று தெரியாது, துளை வழியாக ஒரு கை வந்தது. அகலமான, சூடான கை. கட்டைவிரலுக்குக் கீழே தீக்காயத் தழும்பு. மணியக்கா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“நான்தான்” என்றது பலகைக்கு அந்தப் பக்கம்.

“இங்க பேசக் கூடாது” என்று கிசுகிசுத்தாள்.

“டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். வீட்டுல கிடைக்கல. சரி, வரிசையில நின்னாவது பார்ப்போம்னு வந்தேன்.”

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கையைப் பிடித்தாள். அது எதையும் இறக்கி வைக்க வரவில்லை. கேட்கவுமில்லை, இறுக்கவுமில்லை. மாவு பிசைந்து ஓய்ந்த கை, அதுபாட்டுக்குக் கிடந்தது. அவள் பலகையில் தலையைச் சாய்த்தாள். கண்ணை ஒரு நிமிஷம் மூடலாம் என்று நினைத்தாள்.

தூங்கிப்போனாள். சாதாரணத் தூக்கம் இல்லை, அடித்துப்போட்ட தூக்கம். குறட்டை வந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கையை அசைத்தால் விழித்துக்கொள்வாள் என்று அசையாமல் இருந்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், முக்கால் மணி நேரம். வெளியே வரிசை முணுமுணுக்க ஆரம்பித்து, முணுமுணுப்பு சத்தமாகி, யாரோ ஒருவர் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாசலில் தொங்கிய திரையைச் சர்ரென்று இழுத்தார்.

“என்ன சார், குடித்தனம் பண்றீங்களா உள்ள?”

“உஷ்” என்றார் கணவர், இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்து. “தூங்கறா.”

“தூங்கறாங்களா? டியூட்டியிலயா?”

“பதினேழு வருஷமா நிக்கறா சார். ஒரு முக்கால் மணி நேரம்.”

இதற்குள் மணியக்கா விழித்துக்கொண்டாள். பின்கதவு வழியாக எழுந்து வந்தபோது முகத்தில் பலகையின் கோடு பதிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துக் கைக்கு முழங்கால் தாங்கித் தாங்கி நடக்கும் ஒரு உடம்பும், கசங்கிய சீருடையும் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை போலிருக்கிறது. ஒரு பெண் தன் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மணியக்கா அதைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் மெமோ வந்துவிட்டது. பணி நேரத்தில் உறங்கியது, குடும்பத்தாரைப் பணியிடத்தில் அனுமதித்தது, பொதுமக்களுக்கு இடையூறு. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

கம்பி மேடம் செய்தி கேட்டு ஓடி வந்தாள். சூப்பர்வைசர் அறையில் அவள் குரல் கேட்டது: “உட்கார வெச்சது நான். தப்பு என்னோடது.” அவருடைய குரலும் கேட்டது: “தூங்கச் சொன்னதும் நீங்கதானா?” பிறகு இரண்டு குரலும் கேட்கவில்லை. வெளியே வந்தவள் வாசலில் காத்திருந்த மணியக்காவின் கணவரிடம் நேராகப் போனாள்.

“அண்ணா, அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் அமைதியா இருந்திருக்கீங்க. இதுவரைக்கும் யாருமே அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்ததில்ல. லைட் எவ்வளவு தூரம் வந்துச்சு? முழுசா எரிஞ்சுதா?”

“லைட்டா?” அவர் யோசித்தார். “நான் கண்ணை மூடிட்டுல்லம்மா இருந்தேன்.”

கம்பி மேடம் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து மணியக்கா பார்த்தது அன்றுதான். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்தார்கள். சாமான் இறக்கும் இடம் அது. காகித டம்ளரில் டீ. ஒரு லாரி பீப் பீப் என்று பின்னால் வந்து நின்றது.

“நீங்க ஏன் மேடம் உட்காரல?” என்று மணியக்கா கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, களைத்த குரலில்.

“உட்கார்ந்தேனே, அந்தச் செவ்வாய்க்கிழமை. பதினோரு பேர். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன் அக்கா.” அவள் டம்ளரின் விளிம்பைச் சுருட்டினாள். “எனக்கு மனுஷங்க தாங்கறதில்ல. போன் அடிச்சா எடுக்க மாட்டேன். கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருக்கான், அவன்கூடப் பேசி எட்டு மாசம் ஆச்சு. சண்டையெல்லாம் இல்ல, சும்மாதான். ஆனா இப்படியே இருந்துட முடியாதுன்னும் தெரியும். அதான் எல்லாருக்கும் நடுவுல ஒரு சுவர் வெச்சு, அதுல ஒரு ஓட்டை போட்டா போதும்னு நினைச்சேன்.”

“நீங்க சுவர் வெச்சீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் என்னை வெச்சீங்க.”

கம்பி மேடம் டம்ளரைப் படியில் வைத்தாள். மணியக்காவுக்கும் சொன்னபிறகு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“ரெண்டு நாளைக்குன்னுதான் கேட்டேன்” என்றாள் கம்பி மேடம். “நீங்க ஒண்ணும் சொல்லலையா, சரி, உங்களுக்குப் பரவாயில்ல போலன்னு விட்டுட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும். விளக்கு எவ்வளவு எரியுதுன்னு தினமும் குறிச்சு வெச்சேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு ஒரு நாள் கூடக் கேட்கல.”

“கேட்டிருந்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன். நாற்காலி போயிடுமேன்னு.”

டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசி அறையின் அறிவிப்புப் பலகை மாறியிருந்தது. அந்தப் பக்கம் இனி யாரும் அமர்த்தப்பட மாட்டார்கள். தனியாக வருகிறவர், தனியாக வரும் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்ததும் ஆளுக்கொரு கதவு வழியாக உள்ளே போகலாம். கதவுகளுக்கு முன்னால் தச்சர் ஒரு நீள பெஞ்சைப் போட்டிருந்தார்.

இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. “வந்தவங்களை உட்கார வெச்சு, ஆள் வரும் ஆள் வரும்னு சொன்னா என்ன நினைப்பாங்க? இது என்ன ஷேர் ஆட்டோவா?” என்றார்.

“அப்படித்தான் சார்” என்றாள் கம்பி மேடம்.

வரிசை இரண்டே நாளில் காணாமல் போயிற்று. பாதிப்பேர் அறிவிப்பைப் படித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். சிலர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் சிலர் அரைமணி நேரம் இருந்து பார்த்துவிட்டு யாரும் வராமல் எழுந்து போனார்கள். எப்போதாவது இரண்டு பேர் சேர்ந்தார்கள். சில சமயம் பெஞ்சிலேயே பேச ஆரம்பித்து, உள்ளே போகவே மறந்து, பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்கள். கம்பி மேடம் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்தாள்.

மணியக்கா பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். மறுபடியும் நிற்கும் வேலை. முழங்கால் பழையபடி மக்கர் செய்தது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ரொட்டிக்கடை முதலாளியின் மச்சான் அன்று என்ன அட்டகாசம் செய்தான் என்று அவளாகவே கேட்டாள். மெமோவுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாள். கம்பி மேடமும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தாள். இரண்டையும் படித்துவிட்டு ‘எச்சரிக்கப்படுகிறார்’ என்று ஒரு வரியைக் கோப்பில் சேர்த்தார்கள். அது அங்கேயேதான் இருக்கிறது.

ஒருநாள் பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, தேய்ந்த செருப்பு, மடியில் சாப்பாட்டுப் பை. ரொம்ப நேரமாக யாரும் வரவில்லை. கடைசியில் மணியக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“முன்னாடி உள்ள ஒருத்தங்க இருப்பாங்களே? இப்ப இல்லையா?”

“இல்ல சார். அவங்களுக்கு வேலை மாத்திட்டாங்க.”

“நான் மூணு தடவ வந்தேன். அப்ப எனக்கு நேரம் சரியில்ல.” அவர் பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டார். “அவங்க நல்லா இருக்காங்களா?”

மணியக்கா அவர் கையைப் பார்த்தாள். முழங்கால் மேல் கவிழ்ந்து கிடந்த, நரம்பு எழும்பிய, சாதாரணக் கை. மூன்று தடவை பிடித்திருக்கிறாள். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அறுபது எழுபதில் ஒன்று. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, வெட்கப்பட என்ன இருக்கிறது என்றும் இருந்தது.

“இருக்காங்க சார். முட்டி வலிதான் கொஞ்சம்.”

“பார்த்தா சொல்லுங்க” என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். “நீங்களும் ஒக்காருங்களேன். யாரும்தான் வரலையே.”

அவள் சூப்பர்வைசர் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. உட்கார்ந்தாள். அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு ஆரஞ்சுப்பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கால்மணி நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்து, அறிவிப்பைப் படித்துவிட்டு, “இங்க யாராவது தனியா இருக்கீங்களா?” என்று கேட்டாள். அவர் எழுந்து போனார்.

மாதக் கடைசியில் காட்சி முடிந்தது. கம்பி மேடம் சுவரைக் கழற்றி, கம்பிகளைச் சுருட்டி, வேனில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனாள். போகும்போது மணியக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கே பேசப்போகிறாள், போனையே எடுக்காதவள், என்றுதான் மணியக்கா நினைத்தாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மணியக்கா முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தபோது போன் வந்தது.

“அக்கா, இங்கேயும் ஆரம்பிச்சிட்டாங்க. தனியா வர்றவங்களுக்காக அந்தப் பக்கம் சம்பளத்துக்கு ஒருத்தரை வெச்சிடலாமான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“முடியாதுன்னேன். அதுல பெரிய சண்டை. பாதி பேர் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காங்க.” பெருமூச்சு கேட்டது. “ரொம்பக் களைப்பா இருக்கு அக்கா.”

“சாப்டீங்களா?”

“இல்ல.”

“முதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்தோட சண்டை போடாதீங்க.”

“சரி. உங்க முட்டி?”

மணியக்கா முட்டியைப் பற்றிச் சொன்னாள். ஊசி போட்ட டாக்டர் எப்படிப் பேசினார், எத்தனை நாள் மாடி ஏறக் கூடாது, அதைச் சாக்காக வைத்து வீட்டுக்காரர் சமையலறையைப் பிடித்துக்கொண்டு செய்யும் அட்டூழியம், எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் ‘ம்’ கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மூச்சுச் சத்தமும், தூரத்தில் யாரோ ஆணி அடிக்கும் சத்தமும் மட்டும் வந்தன. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

“வெச்சிடவா அக்கா?” என்றாள் அவள் கொஞ்ச நேரம் கழித்து.

“அவசரமா ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“அப்ப இருங்க” என்றாள் மணியக்கா, காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டே.